மூடிய கம்பெனிகளைப் பற்றி யார் எழுதுவார்கள்?

"ஒழுங்கா உழைச்சிருந்தா அவனுக்கு ஏனுங்க இந்த நிலைமை?"

எங்கள் பக்கம் தொழிலில் நொடித்துப்போன ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த வாக்கியம் எப்படியும் வந்துவிடும். கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், எழவு வீட்டுப் பந்தலில் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் ஈரமில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. பெரும்பாலோர் குண்டடம், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்து வானம் பார்த்த காட்டை விட்டுவிட்டுச் சின்ன வயதிலேயே திருப்பூருக்கு பஸ் ஏறியவர்கள். ஒன்றரை ஷிஃப்ட், இரண்டு ஷிஃப்ட் என்று பார்த்து மேலே வந்தவர்கள். உழைத்தால் முன்னேறலாம் என்பதை அவர்கள் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வாழ்ந்து பார்த்தார்கள். அதனாலேயே அந்த வாக்கியத்துக்கு எதிராக யாருக்கும் வாய் வருவதில்லை. எனக்கு அது செரிக்காமலே இருந்தது. ஏன் செரிக்கவில்லை என்று விளங்கிக்கொள்ளச் சில புத்தகங்களும், அவற்றைவிட முக்கியமாக ஒரு மாலைப் பேச்சும் தேவைப்பட்டன.

நான் திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஓடுகிற கம்பெனியின் கணக்கும் என் மேஜைக்கு வரும், மூடுகிற கம்பெனியின் கடைசிக் கணக்கும் வரும். வெளியே இருப்பவர்களுக்கு மூடின கம்பெனி சீக்கிரம் மறந்துபோகும். போர்டைக் கழற்றிய அடுத்த மாதமே அதே ஷெட்டில் வேறொருவர் பவர் டேபிள், அதாவது தையல் மிஷின்கள், போட்டுவிடுவார். எங்களிடம் மட்டும் அந்தக் கோப்பு பரணில் கிடக்கும். எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் நின்றார்கள் என்பதை இரண்டு பக்கமும் பார்க்கிற வேலை இது. ஜூலையில் கோவை கொடிசியாவிலும் ஆகஸ்டில் ஈரோட்டிலும் புத்தகத் திருவிழாக்களுக்குப் போகும்போது, தொழில் வெற்றி நூல்கள் அடுக்கியிருக்கும் அரங்குகளில் நிற்கிற கூட்டத்தைப் பார்ப்பேன். நம் ஆட்கள் பையன் கையில் கம்பெனியைக் கொடுக்கும் வயது வந்ததும் அவனுக்கு அப்படி நாலு புத்தகம் வாங்கித் தருகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நூல்கள் எல்லாம் ஜெயித்தவர்களை மட்டும் கேட்டு எழுதியவை. பரணில் கிடக்கும் கோப்புகளுக்கு அவற்றில் ஒரு பக்கம்கூட இல்லை.

சீட்டு

எனக்குத் தெரிந்த இரண்டு பங்குதாரர்களின் கதை இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே கிராமம், ஒரே வயது. ஒரே பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, சேர்ந்து, டெய்லராகி, ஒருவர் கட்டிங் மாஸ்டராகவும் ஆனபிறகு, வாடகை ஷெட்டில் நான்கு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்தார்கள். அப்புறம் சொந்தமாக எக்ஸ்போர்ட். அது நன்றாகப் போகவே சாயப்பட்டறை ஒன்றும் சேர்ந்தது. பிள்ளைகள் தலையெடுத்ததும், மனஸ்தாபம் வருவதற்கு முன்னால் பிரிந்துகொள்ளலாம் என்று பெரியவர்களை வைத்துப் பேசினார்கள். சொத்து இரண்டு கூறு: தைக்கிற கம்பெனி ஒன்று, சாயப்பட்டறை ஒன்று.

அந்தக் காலத்தில் பட்டறைதான் கொழுத்த பங்கு. எக்ஸ்போர்ட் என்றால் பையர் சரக்கைத் திருப்புவான், டெபிட் நோட் போட்டுப் பணத்தைப் பிடிப்பான், ஷிப்மென்ட் தவறினால் சொந்தச் செலவில் ஏர் பிடித்து அனுப்ப வேண்டும். சாயம் போடுகிறவருக்கு அந்தத் தலைவலி இல்லை. ஊரில் இருக்கிற அத்தனை எக்ஸ்போர்ட்டரும் அவர் வாசலுக்கு வந்தாக வேண்டும். ஆகவே இரண்டு பேருக்கும் பட்டறை மேல்தான் கண். கடைசியில் காங்கயம் பக்கம் சிவன்மலைக்குப் போய், முருகன் சன்னிதியில் இரண்டு சீட்டு எழுதிப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஒருவருக்குப் பட்டறை வந்தது. இன்னொருவருக்குத் தைக்கிற கம்பெனி.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட வேண்டும் என்றார்கள். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. நம்மவர் சில வருடம் முன்புதான் வங்கிக் கடனில் புது மிஷின் இறக்கியிருந்தார். வட்டி ஓடியது, மிஷின் ஓடவில்லை. முதலில் சைட் போனது, பிறகு வீடு. இப்போது இன்னொருவர் பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறார். தைக்கிற கம்பெனியை எடுத்தவர் சில மாதம் திண்டாடினார். துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்றி வாங்கிச் சமாளித்தார். இன்று அவருக்கு இரண்டு யூனிட்.

வரி தாக்கல் விஷயமாக ஒரு நாள் சாயங்காலம் அவர் அலுவலகம் வந்திருந்தார். பழைய கோப்புகளை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்த நேரம். மேஜை மேலிருந்த ஒன்றில் பழைய கூட்டாளியின் பெயரைப் பார்த்தவர், பெருமூச்சு விட்டுவிட்டு அந்த வாக்கியத்தைச் சொன்னார். சீட்டுப் போட்ட கதையை எனக்குச் சொன்னவரே அவர்தான். அன்று தனக்குப் பட்டறை வரவில்லை என்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

"அண்ணா, அன்னைக்குச் சீட்டு மாறி வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"முருகன் எனக்கு நல்லதைத்தாந் தம்பி குடுத்திருக்கான். அன்னைக்கு எனக்குப் புரியலை."

"அவரும் அதே முருகனைத்தானுங்களே கும்பிட்டாரு?"

வந்த டீயை அவர் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவன் என்னையவிடப் பக்தி. கிருத்திகை தவறாம மலையேறுவான். பட்டறைல ராத்திரி ரெண்டு மணிக்கும் நிப்பான். உழைப்புல அவனைக் கொறை சொல்ல முடியாது," என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த குழப்பம் நடிப்பில்லை. ஐந்து நிமிடம் முன்னால் சொன்னதற்கு நேர் எதிராகப் பேசுகிறோம் என்பது அவருக்கே உறைத்தது. "அப்புறம் ஏன்னு எனக்கும் தெரியலீங்க" என்று, என்னைவிட வயதில் மூத்தவர், 'ங்க' போட்டுச் சொன்னார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான், முன்பு படித்து மூடிவைத்த சில புத்தகங்களைத் திரும்பவும் எடுத்தேன். கண் முன்னால் ஒரு மனிதர் தடுமாறி நின்றதைப் பார்த்த பிறகு அவை வேறு மாதிரி படிந்தன.

துணிச்சலும் அகலக்காலும்

ஃபில் ரோசன்ஸ்வைக் என்பவர் 2007-இல் எழுதிய 'தி ஹேலோ எஃபெக்ட்' அவற்றில் ஒன்று. ஒருவரிடம் ஏதோ ஒன்று நன்றாக இருந்துவிட்டால் அவரிடம் எல்லாமே நன்றாக இருப்பதாக நமக்குத் தோன்றும் என்பதை எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் 1920-லேயே, ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்துச் சொன்னார். ரோசன்ஸ்வைக் அதைத் தொழிலுக்குக் கொண்டுவருகிறார். லாபம் வருகிற வரையில் அந்த முதலாளி தொலைநோக்குள்ளவர், ஆட்களை நன்றாக வைத்துக்கொள்கிறவர். நஷ்டம் வந்த மறுநாள் அதே ஆள் தலைக்கனம் பிடித்தவர், ஆட்களுக்கு இடம் கொடுத்துக் கெட்டவர். அவர் காட்டுகிற முக்கிய உதாரணம் சிஸ்கோ. 2000 மார்ச்சில் அது கொஞ்ச நாள் உலகிலேயே அதிகச் சந்தை மதிப்புள்ள கம்பெனியாக இருந்தது. பத்திரிகைகள் அதன் நிர்வாகத்தை அக்கு அக்காகப் பிரித்துப் புகழ்ந்தன. அடுத்த ஆண்டு பங்கு விழுந்ததும் அதே குணங்களையே குற்றமாக எழுதின.

நம் பட்டறைக்காரர் விஷயத்தில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கிப் புது மிஷின் இறக்கியபோது ஊரே துணிச்சல்காரன் என்றது. மூடிய பிறகு அகலக்கால் வைத்தான் என்றது. மேஸ்திரியை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தபோது பெருந்தன்மை, பிறகு அதுவே ஆள்மேல் ஆளை விட்டுவிட்டுக் கவனிக்காமல் இருந்தது. அவருடைய கணக்குப் புத்தகத்தை வருடா வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 2010-க்கும் 2011-க்கும் நடுவில் அந்த மனிதரிடம் எதுவும் மாறவில்லை.

ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்' நம் ஊர்க் கம்பெனி அறைகளில் அடிக்கடி கண்ணில் படும் நூல். 2001-இல் வந்தது. 1,435 கம்பெனிகளில் தொடங்கி 11-ஐப் பொறுக்கி, அவை ஏன் சிறந்தன என்று விளக்கியது. அந்தப் பதினொன்றில் மின்னணுப் பொருள் கடைகள் நடத்திய சர்க்யூட் சிட்டி 2008-இல் திவாலானது, வீட்டுக்கடன் நிறுவனமான ஃபேனி மே-யை அதே ஆண்டு அமெரிக்க அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. காலின்ஸ் சொல்கிற பணிவும் ஒழுக்கமும் நல்ல குணங்கள்தான். என் மறுப்பு அந்த முறையின் மேல். ஜெயித்தவரை முதலில் எடுத்துக்கொண்டு, அவரைப் பற்றி ஏற்கெனவே புகழ்ந்து எழுதியதையெல்லாம் வாசித்து, அதிலிருந்து காரணம் கண்டுபிடித்தால் நமக்குக் கிடைப்பது அந்தப் புகழ்ச்சிதான். இதே குணங்கள் இருந்தும் மூடினவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால்தான் அந்தக் குணத்துக்கு என்ன பலன் என்று தெரியும். சாதாரணக் கணக்கு வேலையில் இதைச் சரிபார்க்காமல் நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம்.

மூழ்கினவர்களின் படங்கள்

நசீம் தலேப் 'தி பிளாக் ஸ்வான்' நூலில் ஒரு பழங்கதையை எடுத்துச் சொல்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ரோமானியரான சிசரோ எழுதிவைத்தது. டயகோரஸ் என்ற கிரேக்கருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அவரிடம் கோயிலில் மாட்டியிருந்த படங்களைக் காட்டி, "பார், புயலில் சிக்கியபோது வேண்டிக்கொண்டு பிழைத்தவர்கள் இத்தனை பேர்" என்றார்கள். அவர் கேட்டாராம்: "வேண்டிக்கொண்டும் மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே?" தலேப் இதை ஊமைச் சாட்சிகளின் பிரச்சினை என்று விளக்குகிறார். மூழ்கினவன் வந்து படம் மாட்ட மாட்டான், கூட்டத்தில் பேச மாட்டான், புத்தகம் எழுதமாட்டான்.

நான் கோயிலுக்குப் போகிறவன். சிவன்மலைக்கும் போகிறேன். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி உண்டு. பக்தர் யாருடையாவது கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார், அவர் கோயிலில் வந்து சொன்னதும் பூக்கேட்டுப் பார்த்து, உத்தரவு ஆனால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது இருக்கும். பெட்டியில் இருக்கிற பொருளுக்கு நாட்டில் ஏதாவது நடக்கும் என்பது நம்பிக்கை. தண்ணீர் வைத்திருந்தபோது சுனாமி வந்தது என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது என் அம்மாவுக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பை நான் மதிக்கிறேன். அதே சமயம், எதுவும் நடக்காமல் பெட்டியை விட்டுப் போன பொருள்களை யாராலும் நினைவுக்குக் கொண்டுவர முடிவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். டயகோரஸின் கேள்வி அதுதான்.

என் எண்ணம் என்னவென்றால், அந்தக் கேள்வி நம்பிக்கை இல்லாதவரைவிட நம்பிக்கை உள்ளவருக்குத்தான் அதிகம் தேவை. முருகன் எனக்கு நல்ல சீட்டைக் கொடுத்தான் என்று ஒருவர் சொன்னால், மற்றவருக்குக் கெட்ட சீட்டைக் கொடுத்ததும் அதே முருகன் என்று ஆகிறது. அது சகிக்க முடியாததாக இருப்பதால், அவருக்கு ஏதோ குறை இருந்திருக்க வேண்டும் என்று மனம் தேடத் தொடங்குகிறது. உழைக்கவில்லை, அகலக்கால், நேரம் சரியில்லை, குலதெய்வத்துக்குச் செய்யவில்லை. தன் வெற்றியைத் தெய்வத்துக்குக் காணிக்கை ஆக்குகிற நல்ல மனம்தான் அடுத்தவனைக் குற்றவாளியாக்கவும் செய்கிறது. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் 2020-இல் வெளியான 'தி டிரனி ஆஃப் மெரிட்' நூலில் இதையேதான் வேறு நாட்டை வைத்துச் சொல்கிறார்: தகுதிக்கு ஏற்ற இடம் கிடைக்கும் என்று ஒரு சமூகம் முழுக்க நம்பிவிட்டால், கீழே இருக்கிறவனுக்கு வறுமையோடு அவமானமும் சேர்ந்துவிடும். நம் பட்டறைக்காரர் விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கடனால் வந்த கஷ்டத்தைவிட அது அவரை அதிகம் வாட்டுகிறது என்று அவர் மனைவி ஒருமுறை சொன்னார்.

இங்கே நொய்யலைப் பற்றியும் சொல்லாமல் போனால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் அந்த ஆற்றை, சாயக்கழிவு என்ன செய்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகிப்போனது. கீழே இருந்த கிணறுகளும் தென்னைகளும் போயின. விவசாயிகள் வழக்குப் போட்டது நியாயம், தீர்ப்பும் நியாயம். பட்டறைக்காரர் அந்தப் பாவத்தில் பங்காளிதான். ஆனால் அந்தச் சாயம் யாருடைய துணிக்குப் போட்டது? தைக்கிற கம்பெனியை எடுத்தவரின் பனியனும் அதே தொட்டியில்தான் நிறம் ஏறியது. கடலைத் தாண்டி அதைப் போட்டுக்கொண்டவருக்கும் பங்குண்டு. நீதிமன்றம் தொட்டி இருந்த இடத்தைத்தான் மூட முடிந்தது. சீட்டில் தொட்டி வராதவர் இன்று நேர்மையான உழைப்பாளி என்று மேடையில் பொன்னாடை வாங்குகிறார். அவரை நான் குறை சொல்லவில்லை, நல்ல மனிதர். அந்தப் பொன்னாடைக்கு உழைப்பு ஒன்றே காரணம் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

யாருடைய உழைப்பு

இந்த விஷயத்தில் என்னை அதிகம் அசைத்த நூல் திருப்பூரைப் பற்றியே எழுதப்பட்டது. ஷரத் சாரி என்ற புவியியலாளரின் 'ஃபிரேட்டர்னல் கேபிடல்', 2004-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவர் தொண்ணூறுகளில் இங்கே வந்து முதலாளிகளிடமும் தொழிலாளிகளிடமும் நிறையப் பேசியிருக்கிறார். எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று கேட்டால், விவசாயக் குடும்பத்திலிருந்து தொழிலாளியாக வந்து முதலாளியான கவுண்டர்கள் திரும்பத் திரும்ப உழைப்பு என்றே சொன்னார்களாம். வெளியிலிருந்து வருகிற ஆராய்ச்சியாளர் இதைக் கேட்டுவிட்டு, 'சும்மா சொல்கிறார்கள்' என்று ஒதுக்கியிருக்கலாம். சாரி அப்படிச் செய்யவில்லை. அந்தப் பதிலை மதித்து, உழைப்பு எப்படி மூலதனமாக மாறியது என்று தேடிப் போகிறார். தோட்டத்தில் பண்ணையாளோடு சேர்ந்து தானும் இறங்கி வேலை செய்து, வேலை வாங்கத் தெரிந்த பழக்கம் பனியன் கம்பெனிக்குள் வந்ததைக் காட்டுகிறார். பழைய முதலாளி தன் நம்பிக்கைக்குரிய தொழிலாளிக்குக் கைகொடுத்துத் தனியாகத் தொழில் வைத்துக்கொடுத்தது, மாமன் மச்சான் உறவில் பங்கு சேர்ந்தது, ஒரே சாதிக்காரர் என்ற நம்பிக்கையில் கடனுக்கு நூல் கிடைத்தது எல்லாம் அதில் வருகிறது. படிக்கப் படிக்க எங்கள் அலுவலகக் கோப்புகளையே யாரோ விரித்துப் படிப்பது போல இருந்தது.

அதே நூலை அதே கவனத்தோடு படித்தால் இன்னொரு கேள்வி தானாக வரும். அதே கிராமத்திலிருந்து, அதே பஸ்ஸில், அதே கம்பெனிக்கு அருந்ததியர் குடியிருப்பிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களும் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தார்கள். தோட்டத்தில் அந்தக் கவுண்டரோடு சேர்ந்து உழைத்த பண்ணையாளும் அவர்களுடைய அப்பன் பாட்டன்தான். அந்த உழைப்பு ஏன் மூலதனமாக மாறவில்லை? அடமானம் வைக்கக் காடு இல்லை, பங்கு சேர மச்சான் யாரும் கம்பெனி வைத்திருக்கவில்லை, கடனுக்கு நூல் கொடுக்க அவரை யாரும் நம்பவில்லை. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அந்த 127 நாளும் உலையில் அரிசி போட வழி பார்த்தவர்களில் எல்லாச் சாதிக்காரரும் உண்டு, பிற்பாடு முதலாளியானவர்களில் அப்படி இல்லை. உழைத்தால் முன்னேறலாம் என்பது பொய்யில்லை, ஆனால் யார் உழைத்தால் என்ற கேள்வியை விட்டுவிட்டுச் சொல்லப்படும் பாதி உண்மை.

பெண்களின் உழைப்பைப் பற்றி அந்த நூலிலும் வருகிறது. எனக்கு அது ஈரோட்டுக்காரர் ஒருவரின் நூல் வழியாகத்தான் நெருக்கமானது. 1925 மே மாதம் ஈரோட்டிலிருந்து 'குடிஅரசு' இதழைத் தொடங்கிய பெரியாரைக் கடவுள் இல்லை என்று சொன்னவராக மட்டுமே நம் பக்கத்துத் தொழில் குடும்பங்கள் நினைவில் வைத்திருக்கின்றன. சிறு வயதிலேயே அப்பாவின் மண்டியில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர் அவர். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் சொத்துரிமைக்கென்றே ஒரு கட்டுரை இருக்கிறது. வரவு செலவு தெரிந்த ஒருவரின் எழுத்து அது என்று படிக்கும்போதே தெரியும். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 ஆனது. சட்டம் வந்தும் எங்கள் பக்கம் என்ன நடக்கிறது? பாகம் பிரிக்கிற அன்று அக்கா தங்கைகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். போடாவிட்டால் பொறந்த வீட்டுச் சீர் நின்றுபோகும், நாளை பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி இருக்காது. என் அம்மாவும் போட்டவர். அவர் விட்டுக்கொடுத்த காடு பின்னால் வங்கிக்குப் பிணையாகி, என் மாமனின் தொழிலுக்கு முதல் கடனை வாங்கித் தந்தது. மாமன் சுயமாக முன்னேறியவர் என்றுதான் ஊர் சொல்லும். அம்மாவும் அப்படித்தான் சொல்வார், பெருமையாக.

நான் முன்பு சொன்ன இரண்டு பங்குதாரர்களின் முதல் நான்கு மிஷினும் மனைவிமார் நகையை அடகு வைத்து வாங்கியவை. மூலதனக் கணக்கில் ஆண்கள் பெயர் மட்டும் இருக்கிறது. அப்போது கணக்கு எழுதியது எங்கள் அலுவலகம்தான். சட்டப்படி அதில் பிழை ஒன்றும் கிடையாது.

ஈமு ஷெட்டுகள்

பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்த்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் தருவோம், மாதாமாதம் பராமரிப்புத் தொகை தருவோம் என்றார்கள். முதலில் கட்டியவர்களுக்குப் பணம் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்தவர் கட்டினார். 2012-இல் எல்லாம் நின்று, பட்டினியால் செத்துக்கொண்டிருந்த பறவைகளுக்குக் கால்நடைத் துறை தீனி போட வேண்டி வந்தது. ஏமாந்தவர்களை இன்றும் பேராசைக்காரர்கள் என்கிறோம். கோழிப் பண்ணையில் ஒப்பந்த வளர்ப்பு முறை பல்லடத்தில் ஜெயித்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். பக்கத்தில் ஜெயித்ததைப் பார்த்துச் செய் என்று நாம்தான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தோம். ஈமுவுக்கும் அதே அறிவுரையைத்தான் கேட்டார்கள்.

இந்தப் புத்தகங்களையெல்லாம் எங்கள் அலுவலகத்துக்கு வரும் இளம் பையன்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன். சிலர் இரண்டே நாளில் திருப்பித் தந்துவிடுகிறார்கள். "இதைப் படிச்சா தொழில் பண்ற தைரியமே போயிரும்ணா" என்றான் ஒருவன். அவன் பயம் எனக்குப் புரிகிறது. எனக்கு நேர்ந்தது வேறு. எல்லாம் என் கையில் என்ற நினைப்பு குறைந்த பிறகு, கடன் எவ்வளவு வாங்கலாம், வீட்டை எதற்கும் பிணை வைக்காமல் எப்படித் தொழில் வைக்கலாம், ஒரே பையரை நம்பி இருக்கலாமா என்று வருகிறவர்களிடம் பேச எனக்குத் தைரியம் கூடியது. அதிர்ஷ்டம் பாதி என்று தெரிந்தவர்தான் விழுந்தாலும் எழும் அளவுக்குக் கைப்பணம் வைத்திருப்பார். பட்டறைக்காரர் வீட்டை மட்டும் பிணைக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால், தீர்ப்பு வந்த பிறகும் அவருக்கு ஒரு கூரை இருந்திருக்கும். அன்று அவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை, எல்லோரும் துணிச்சலைப் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

நான் இப்போது தேடுகிற புத்தகம் கடைகளில் கிடைக்கவில்லை. கொங்கு நாட்டில் மூடிய தொழில்களைப் பற்றித் தமிழில் ஒரு நூல் வேண்டும். யாராவது எழுதினால் வாங்கிப் படிப்பேன், சம்மதிக்கிறவர்களிடம் அழைத்துப் போகவும் தயார். 2011-க்குப் பிறகு பட்டறைக்காரர்கள் என்ன ஆனார்கள், ஈமு ஷெட் போட்ட தோட்டங்களில் இப்போது என்ன இருக்கிறது, சோமனூர்ப் பக்கம் எடைக்குப் போட்ட விசைத்தறிகளுக்குச் சொந்தக்காரர்கள் எங்கே என்று அதில் இருக்க வேண்டும். அவர்கள் காலை எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார்கள், ஆட்களுக்கு எப்படிக் கூலி கொடுத்தார்கள் என்று, ஜெயித்தவர்களிடம் கேட்கிற அத்தனையையும் அவர்களிடமும் கேட்க வேண்டும். நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும், வீட்டு ஆண்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் பேச மாட்டார்கள். பட்டறைக்காரரிடம் இப்படி ஒரு நூல் வந்தால் பேசுவீர்களா என்று கேட்டேன். பெயர் போடலாம் என்றார். ஆனால் அந்த மேஸ்திரியைப் பற்றித் தப்பாக எதுவும் எழுதக் கூடாது, அவன் நல்லவன், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார்.